வாட்ஸ்அப் விற்றபோது நம் சட்டம் எங்கே போயிருந்தது? கடலூர் மீன் கூடை சொல்லும் பதில்

வணக்கம் மக்களே! 2014 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பை 19 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. நம் எல்லோர் போனிலும் இருக்கிற அதே வாட்ஸ்அப். ஆனால் அந்த விற்பனைக்கு, சந்தையில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நம் சட்டமே சொல்லவில்லை!

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1969இல் வந்த எம்.ஆர்.டி.பி. என்ற ஏகபோகத் தடுப்புச் சட்டம், ஒரு கம்பெனி பெரிதாக வளர்வதையே சந்தேகத்தோடு பார்த்தது. 1991இல் சந்தை திறந்தபின் அது ஒத்துவரவில்லை. 2002இல் போட்டிச் சட்டம் வந்தது. பெரிதாக வளரலாம், அந்தப் பலத்தை வைத்து மற்றவரை நசுக்கக் கூடாது என்பது இதன் சாரம்.

சரி, வாட்ஸ்அப் எப்படி நழுவியது?

[காட்சி: கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம், விடிகாலை ஏலம்]

இங்கே பாருங்கள். ஒரு பெரிய கூடை நிறைய மத்தி, தூக்க இரண்டு பேர் வேண்டும். பக்கத்தில் சின்னக் கூடையில் நாலைந்து வஞ்சிரம். கனத்தை மட்டும் பார்த்தால் மத்திதான் பெரிய சரக்கு. ஆனால் வியாபாரிகள் எந்தக் கூடையை மொய்க்கிறார்கள் என்று பாருங்கள்!

நம் சட்டம் கனத்தை மட்டும்தான் பார்த்தது. சொத்தும் விற்றுமுதலும் வரம்பைத் தாண்டினால்தான் அனுமதி கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அப்போது வேலை பார்த்தவர்கள் 55 பேர்தான், வருமானமும் சொற்பம். ஆனால் மாதம் 45 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த 45 கோடிதான் வஞ்சிரம்!

2018இல் மத்திய அரசு அமைத்த போட்டிச் சட்ட மறுஆய்வுக் குழு இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 செப்டம்பர் 10 முதல், பேரத்தின் மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டினால், வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான தொழிலும் இருந்தால், கனம் குறைவாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டும். டிஜிட்டல் சேவை என்றால், உலகப் பயனாளர்களில் 10 சதவீதம் பேர் இங்கே இருந்தாலே அது கணிசம்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்த திருத்தம் ஒன்று உண்டு. ஒரு பேச்சுக்கு, ஏலத்தில் நாலு பேர் சிண்டிகேட் போட்டு விலையை அமுக்குகிறார்கள் என்று வையுங்கள். ஐந்தாவது ஆள் ஏலமே கேட்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து அவர்களைச் சேர்த்துவைத்தது அவர்தான். இனி கம்பெனிகள் விஷயத்தில், அந்த டீக்கடை ஆளும் சிண்டிகேட்டில் ஒருவர்தான். அபராதம் கணக்கிடும்போது உலகம் முழுக்க உள்ள விற்றுமுதலையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் 2014இல் தெரிந்த ஓட்டையை அடைக்க 2024 ஆகிவிட்டதே, அதுதான் என் வருத்தம். செல்போன் ஆப் சந்தையில் பத்து வருஷம் என்பது ஒரு தலைமுறை. தப்பு நடக்கும் முன்பே பெரிய டிஜிட்டல் கம்பெனிகளுக்கு வரம்பு போடும் மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளிவந்தது. அது வேண்டும் என்பதே என் கட்சி. உங்கள் கட்சி எது? கமெண்டில் எழுதுங்கள், முக்கியமாகக் கடை நடத்துகிறவர்கள்.