செத்தவர் பேருக்கு பூத் சிலிப் ஏன் வருது?

நாகலூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அப்பா தவறினதும் இறப்புச் சான்றிதழ் வாங்கிட்டோம், ரேஷன் கார்டுலயும் பேரை எடுத்தாச்சு. அப்புறமும் பூத் சிலிப் வருதே, ஏன்?"

நம்ம வீடியோவைத் தொடர்ந்து பாக்கறவங்க இதுக்குள்ள பதில் சொல்லியிருப்பீங்க. ஓட்டர் லிஸ்ட்ல இருந்து பேரை நீக்கக் கேக்கற படிவம் 7 கொடுக்கலைங்க, அவ்வளவுதான். சான்றிதழ் வாங்கினா ஓட்டர் லிஸ்ட்ல பேர் தானா போயிடாது.

ஏன்னா, சாவு எங்க நடந்துச்சோ அங்கதான் பதிவாகும். நாகலூர்க்காரர் சேலம் ஜி.எச்.ல இறந்தா பதிவு சேலத்துல. ஓட்டு இருக்கறது ஏற்காடு தொகுதியில (எண் 83). ஊர் வி.ஏ.ஓ. பதிவேட்டைப் புரட்டினா அந்தப் பேரே இருக்காது. அப்புறம் பி.எல்.ஓ.வுக்கு, அதாவது ஓட்டர் லிஸ்ட்டைப் பாத்துக்கற வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு எப்படித் தெரியும்? இறப்புப் பதிவு விவரத்தைக் கணினி வழியா வாங்கப் போறதா தேர்தல் ஆணையம் 2025ல அறிவிச்சாங்க. அதுலயும் பி.எல்.ஓ. நேர்ல விசாரிக்கணும். அதனால திரும்பவும் சொல்றேன், படிவம் 7.

அதைக் கொடுக்கறவருக்கு அதே தொகுதியில ஓட்டு இருக்கணும். உங்களை ஆத்தூர்ல கட்டிக்கொடுத்து ஓட்டும் அங்க போயிருந்தா, ஊர்ல இருக்கற அண்ணனோ தம்பியோ கொடுக்கட்டும். அப்பாவோட பேர், வாக்காளர் அட்டை எண், பாகம் எண், வரிசை எண்ணை பட்டியலைப் பாத்தே எழுதுங்க. சான்றிதழ்ல இனிஷியல் மாறியிருக்கும், அங்கதான் இழுக்கும். காரணம் 'இறப்பு'ன்னு குறிச்சு, சான்றிதழ் நகல் வெச்சு பி.எல்.ஓ. கையில கொடுங்க, இல்ல ஆணையத்தோட இணையதளத்துல ஏத்துங்க. சந்தேகம்னா 1950ங்கற தேர்தல் உதவி எண்ணுக்கு ஃபோன் அடிங்க. வேட்புமனு தாக்கலோட கடைசி நாள் தாண்டிட்டா, அந்தத் தேர்தல் முடியற வரைக்கும் நீக்க மாட்டாங்க.

நீங்க கேட்காத இன்னொண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. உயிரோட இருக்கறவரை இறந்தவர்னு எடுத்துட்டா? 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 22வது பிரிவுல, குடிமாறிட்டார்னு ஒருத்தரை நீக்கறதுக்கு முன்னாடி அவர் பக்கத்தைக் கேக்கணும்னு இருக்கு. இறப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது. செத்தவர் வந்து என்ன சொல்லப் போறார்னு விட்டுட்டாங்க போல. மலையில ஒரே ஊர்ல ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க, அப்பா பேரும் ஒத்துப்போகும். வரிசை எண் ஒண்ணு மாறினா பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டு போச்சு. தெரிஞ்சே பொய் எழுதிக் கொடுத்தா 31வது பிரிவுல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டுமே.

அப்படித் தப்பா நீக்கிட்டா, உத்தரவு வந்த 15 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம். நாள் கடந்துட்டா படிவம் 6 கொடுத்துப் புதுசா சேரணும். அதையும் வேட்புமனு தேதிக்கு நல்லா முன்னாடியே கொடுத்துடுங்க.