கண்ணாடியில் ரவிக்கை தைக்க முடியுமா? விமான மூக்கின் கிராஸ் கட் ரகசியம்!

(திரையில்: வெள்ளைத் துணி, பக்கத்தில் கத்தரிக்கோல்)

இந்தத் துணி பருத்தி இல்லை, பட்டும் இல்லை. கண்ணாடி! கண்ணாடியை உருக்கி, மயிரிழையாக இழுத்து, தறியில் நெய்தது. இதை வைத்து இன்றைக்கு ஒரு போர் விமானத்துக்கு மூக்கு செய்யப் போகிறோம். இந்த வேலையில் எனக்குப் புரியாத ஒன்றைப் புரியவைத்தவர் எங்கள் தெருமுனைத் தையல்கார அக்கா. எப்படி என்று சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

விமானம் பி-47 தண்டர்போல்ட். ஐந்தில் ஒரு பங்கு மாடல்தான், ஆனாலும் இறக்கை இரண்டரை மீட்டர்! அசலில் 18 சிலிண்டர் இன்ஜின். நம்மிடம் இருப்பதோ ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். அந்த ஏழ்மையை மறைக்கத்தான் இந்த மூடி. பெயர் கவுல்.

வரலாறு வேகமாக: 1928இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் கர்ட்டிஸ் ஹாக் விமானத்துக்குக் கவுல் மாட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 118 மைல் போனது 137 மைல் போனது. இன்ஜின் அதே இன்ஜின்தான். சரி, வேலைக்கு வருவோம்.

அச்சு தயார். முன்பக்க உதடு உள்ளே வளைவதால், அச்சு இடம் வலமாகப் பிரியும். போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். உள்ளே நாலைந்து முறை மெழுகு தேய்த்து, மேலே பி.வி.ஏ. என்ற, ஒட்டவிடாத திரவத்தைப் பூச வேண்டும். இது தச்சர் வைத்திருக்கும் வெள்ளைப் பசை இல்லை. பெயர்ச் சுருக்கம்தான் ஒன்று. தச்சர் பசையைப் பூசினால் அச்சும் மூடியும் பிரியவே பிரியாது. இட்லித் தட்டில் துணி போடுகிறோமே, ஒட்டாமல் வருவதற்கு? அந்த வேலையை இங்கே பி.வி.ஏ. செய்கிறது. நம் கண்ணாடித் துணியோ இட்லிக்குள்ளேயே தங்கிவிடும்!

இப்போதுதான் அக்கா வருகிறார்.

என் முதல் கவுலில் துணியை நேராக வெட்டி வைத்தேன். உதட்டு வளைவில் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் தூக்கியது. அடியில் காற்று தங்கி, காய்ந்த பிறகு விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒருநாள் அக்கா கடையில் கிராஸ் கட் ரவிக்கைக்குத் துணியைச் சாய்த்துப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். ஏன் அக்கா என்றேன். "அப்போதான் உடம்போடு உட்காரும்" என்றார். அவ்வளவுதான், மண்டையில் பல்பு எரிந்தது!

வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு கைக்குட்டை எடுங்கள். ஓரத்தோடு இழுங்கள், நீளாது. மூலைக்கு மூலை இழுங்கள், நீள்கிறதா? நூல் நீளவில்லை. பாவும் ஊடும் சேர்ந்த சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்ந்து வைரக்கட்டம் ஆகின்றன. கண்ணாடித் துணியும் அப்படியே. 45 டிகிரி சாய்த்து வெட்டிய பட்டைகளை உதட்டில் வைத்தால் சுருக்கமே இல்லாமல் படிகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

முதலில் சதுர மீட்டருக்கு 80 கிராம் மெல்லிய துணி, அப்புறம் 200 கிராம் துணி இரண்டு அடுக்கு, ஒன்று நேர், ஒன்று சாய்வு. துணியை நனைத்து இறுக வைக்கும் பசைதான் எபாக்ஸி ரெசின். அது துணியின் எடைக்குச் சமமாக இருந்தால் போதும். கூடினால் பலம் கூடாது, பாரம்தான் கூடும். ஆனால் ஒன்று சொல்லவா? இந்த விமானத்துக்கு மூக்கு குட்டை. சமநிலைக்கு எப்படியும் முன்னால் ஈயம் வைக்கத்தான் போகிறோம். கொஞ்சம் கூடினால் அழாதீர்கள்.

கலக்கிய ரெசினை ஆழமான கப்பில் விட்டுவிட்டு போன் பேசப் போகாதீர்கள். நான் போனேன். திரும்பி வந்தால் கப் புகைந்துகொண்டிருந்தது! ரெசின் இறுகும்போது சூடு பிறக்கும், கப்பில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. அகலமான தட்டில் ஊற்றுங்கள். கையுறை கட்டாயம். தேய்க்கும்போது முகக்கவசம், முழுக்கைச் சட்டை. இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அரிப்புதான்.

(திரையில்: மறுநாள். போல்ட்டுகள் கழல்கின்றன.)

சத்தத்தைக் கேளுங்கள்... டக்! வந்துவிட்டது. ஓரங்களை வெட்டிவிட்டு, காற்று வெளியேறும் வழியை நுழையும் வழியைவிடப் பெரிதாகத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் இன்ஜின் உள்ளேயே வெந்துவிடும். கைக்குட்டை நீண்டவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். அக்காவிடம் காட்ட வேண்டும்.