12 மாதம் என்றால் 12 மாதம்தான்: அமெரிக்காவில் டேகேர் மானியத்தைப் பாதியில் எப்போது நிறுத்தலாம்?

[இசை. திரையில் ஒரு கடித உறை.]

வேலை போய்விட்டது. அடுத்த வாரமே பிள்ளையின் டேகேர் மானியமும் போய்விடுமா? அமெரிக்காவில் குறைந்த வருமானத்தில் பிள்ளை வளர்க்கிற பல பெற்றோருக்கு இருக்கிற பயம் இது. சட்டப்படி, அடுத்த வாரமே நிறுத்த முடியாது. நிறுத்துவதற்கென்று சில காரணங்கள் மட்டும்தான் உண்டு. அவை என்னென்ன என்று இப்போது பார்ப்போம்.

மத்திய அரசு 'சைல்ட் கேர் அண்ட் டெவலப்மென்ட் ஃபண்ட்', சுருக்கமாக சிசிடிஎஃப், என்ற நிதியை மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. திட்டத்தை நடத்துவது மாநிலம். அதனால் பெயரும் அலுவலகமும் ஊருக்கு ஊர் மாறும். பணம் பெரும்பாலும் நேராக டேகேருக்கே போய்விடும். பெற்றோர் தங்கள் பங்கான கோ-பேயைக் கட்டுவார்கள்.

[திரையில்: 2014]

முன்பெல்லாம் சம்பளம் கொஞ்சம் ஏறினாலும், ஷிஃப்ட் குறைந்தாலும், ஒரு தாளைத் தாமதமாகக் கொடுத்தாலும் மானியம் நின்றுபோவது சகஜம். சில மாதம் கழித்து அதே குடும்பம் மறுபடி விண்ணப்பத்தோடு வந்து நிற்கும். அதற்குள் டேகேரில் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போயிருக்கும். 2014 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்த நிதிக்கான சட்டத்தைப் புதுப்பித்தது. 1996-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. தகுதி உண்டு என்று ஒருமுறை முடிவானால் குறைந்தது 12 மாதம் அது நீடிக்க வேண்டும் என்று அப்போதுதான் சட்டத்தில் எழுதினார்கள். நுணுக்கமான விதிகள் 2016-ல் வந்தன.

சரி, அந்த 12 மாதத்துக்குள் என்னென்ன நடக்கலாம்?

சம்பளம் ஏறலாம். உங்கள் குடும்ப அளவுக்கு மாநிலத்தின் இடைநிலை வருமானம் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலே, பாதி கீழே) எவ்வளவோ, அதில் 85 சதவீதத்தைத் தாண்டாதவரை மானியம் தொடரும். கணக்குக்காக இடைநிலை வருமானம் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், எல்லை 85,000. ஒரே ஒரு மாதம் ஓவர்டைம் பார்த்து அதிகம் வந்தது என்பதற்காகக் கையை வைக்கக் கூடாது. வருமானம் ஏறி இறங்கும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது. வருமானம் எல்லைக்குள் ஏறியதைக் காரணம் காட்டி நடுவில் கோ-பேயையும் கூட்ட முடியாது.

பிள்ளைக்கு 13 வயது ஆகலாம். 13-க்கு உட்பட்டவர்களுக்கான திட்டம்தான் இது. ஆனால் பிறந்தநாள் நடுவில் வந்தால், எஞ்சிய மாதங்களுக்கும் மானியம் உண்டு. மாநிலத்துக்குள்ளேயே வீடு மாறினாலும் அப்படித்தான்.

வேலைதான் சிக்கலான இடம். கிடங்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் முழுக்க ஷிஃப்டுக்கு மேல் ஷிஃப்ட், ஜனவரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான். மணிநேரம் குறைந்ததே தவிர வேலை இருக்கிறது, ஆகவே மானியமும் இருக்கிறது. பருவகால வேலையில் வரும் இடைவெளி, கல்லூரி விடுமுறை, உடம்பு சரியில்லாமல் அல்லது வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள எடுக்கும் லீவு, எல்லாமே தற்காலிக மாற்றம் என்ற கணக்கில் வரும். வேலையே இல்லாத நிலையும் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிட்டால் தற்காலிகம்தான்.

வேலை ஒரேயடியாகப் போய்விட்டால்? இங்கே மாநிலத்துக்கு இரண்டு வழி. 12 மாதம் முடியும்வரை மானியத்தைத் தொடர விடலாம். அல்லது நிறுத்தலாம், ஆனால் அதற்கு முன் வேலை தேடுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் மானியம் பழைய அளவிலேயே வர வேண்டும். அதற்குள் வேலையோ படிப்போ பயிற்சியோ கிடைத்து, வருமானமும் எல்லைக்குள் இருந்தால், நிறுத்தும் பேச்சே கிடையாது. உங்கள் மாநிலம் எந்த வழியில் போகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை போன பிறகு கேட்பது கஷ்டம்.

[திரையில்: காலி நாற்காலி, வருகைப் பதிவு டேப்லெட்.]

இவை தவிர, நடுவில் நிறுத்த மாநிலத்துக்கு அனுமதி உள்ள காரணங்கள் மூன்று. அதில் ஒன்று மாநிலத்தை விட்டே குடிபெயர்வது. அதில் பேச ஒன்றுமில்லை, புது மாநிலத்தில் புது விண்ணப்பம்.

இன்னொன்று, பிள்ளை டேகேருக்கு வராமலே இருப்பது. பலர் வழுக்குகிற இடம் இதுதான் என்பேன். எல்லா விடுப்பும் கணக்கில் வராது. காரணம் சொல்லாத விடுப்புதான் கணக்கு. கை, கால், வாயில் கொப்புளம் என்று டேகேரே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். அம்மா அதை டீச்சரிடம் வாசலில் சொல்லியும் இருப்பார். ஆனால் வருகைப் பதிவு டேப்லெட்டில் அந்த வாரம் வெறும் 'வரவில்லை' என்றே ஏறியிருக்கும். எத்தனை நாள் போனால் அதிகம் என்பதை மாநிலம் முன்கூட்டியே எண்ணாக வரையறுத்திருக்க வேண்டும். அந்த எண் தாண்டினாலும் உடனே வெட்ட முடியாது. குடும்பத்தையும் டேகேரையும் பலமுறை தொடர்புகொள்ள முயன்றிருக்க வேண்டும், நின்றுபோகலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தும் இருக்க வேண்டும். பழைய ஃபோன் நம்பரும் பழைய முகவரியும் கோப்பில் கிடந்தால் அந்த எச்சரிக்கை யார் வீட்டுக்குப் போகும், யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது மோசடி. இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள்: 'நிரூபிக்கப்பட்ட', 'வேண்டுமென்றே'. சந்தேகம் மட்டும் போதாது. அந்தத் தவறால், தகுதி உண்டு என்று முன்பு எடுத்த முடிவே செல்லாமல் போக வேண்டும். சம்பளச் சீட்டைத் திருத்திக் கொடுப்பது இதில் வரும். படிவத்தில் எண்ணை மாற்றி எழுதிவிட்ட கவனக்குறைவை இதே பெட்டியில் போட முடியாது.

எதையெல்லாம் நீங்களாகச் சொல்ல வேண்டும்? மத்திய விதிப்படி, வருமானம் 85 சதவீதத்தைத் தாண்டியதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாநிலம் கேட்டால், வேலை நிரந்தரமாகப் போனதையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காக அலுவலகத்துக்கு நேரில் வா என்று அவர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது. வருமானம் குறைந்திருந்தால் நீங்களே சொல்லுங்கள். கோ-பே குறைய வழி இருந்தால் அவர்கள் குறைத்தாக வேண்டும்.

[திரையில்: உறை பிரிகிறது.]

கடைசியாக, 'நிறுத்தப்படுகிறது' என்று கடிதம் வந்துவிட்டால். அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக வைக்காதீர்கள். இந்த மானியம் தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைத்துவிடுகிற உரிமை அல்ல. பணம் இருக்கிறவரைதான் கொடுப்பார்கள், பல மாநிலங்களில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஒருமுறை வெளியே வந்தால் அந்தப் பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டியிருக்கலாம். கடிதத்தில் முதலில் காரணத்தைப் பாருங்கள்: இப்போது சொன்னவற்றில் எது அது? அடுத்து, மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்று தேடுங்கள். பெரும்பாலும் சின்ன எழுத்தில் கீழே இருக்கும். மருத்துவர் சீட்டு, சம்பளச் சீட்டு, டேகேருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட் என்று கையில் இருப்பதை இணைத்து, எழுத்தில் பதில் அனுப்புங்கள். ஃபோனில் பேசினால் யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று அந்த உறையின் மேலேயே குறித்து வையுங்கள்.