பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆல்பம் போட்டவர்கள்

வணக்கம். கிட்டார் வகுப்பு எடுத்துக்கொண்டே சொந்தமாக ஆல்பம் வெளியிட முயல்பவர்கள், கற்பிக்கும் வேலை தங்கள் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று வருந்துகிறார்கள். அந்த வேலைதான் அவர்களுக்குத் துணிச்சலைத் தருகிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானியை எடுத்துக்கொள்வோம். எழுபதுகளின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகருக்குக் குடிபெயர்ந்த அவர், அங்கே ஒரு கிட்டார் கடையில் பாடம் நடத்தினார். மெட்டாலிகா என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட்கூட அவரிடம் பயின்றவர்தான். 1984-இல் அவர் தாமாகவே வெளியிட்ட சிறு இசைத்தட்டில் டிரம்ஸும் இல்லை, தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸும் இல்லை. எல்லா ஒலிகளையும் எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்தே எழுப்பியிருந்தார். விற்பனையை எண்ணிப் பார்க்கும் எந்த நிறுவனமும் அப்படியொரு முயற்சிக்குப் பணம் போட்டிருக்காது. அடுத்து, 1986-இல் வெளியான முதல் முழு ஆல்பத்தின் ஒலிப்பதிவுச் செலவைக் கிரெடிட் கார்டில் சமாளித்தார். அந்தத் துணிச்சலை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்!

ராக் இசைக்கலைஞராகவே அறியப்படும் சாட்ரியானி, 1974-இல் நியூயார்க்கில் லென்னி டிரிஸ்டானோ என்ற ஜாஸ் பியானோ கலைஞரிடம் பாடம் கேட்டவர். பார்வையற்றவரான டிரிஸ்டானோ, 1951-இல் மன்ஹாட்டனில் தமக்கென ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, அங்கேயே மாணவர்களுக்கும் கற்பித்தார். லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் போன்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர்கள் வாசித்த தனி வாசிப்புகளை, வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே, ஒரு ஸ்வரமும் பிசகாமல் வாயால் பாடிக்காட்டச் சொல்வது அவருடைய முறை. என் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி அறவே பிடிப்பதில்லை. ஆனால் காது திறப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

கற்பித்து ஈட்டிய வருமானம் இருந்ததால், கிளப் முதலாளிகளின் விருப்பத்துக்கு ஏற்ப வாசிக்க வேண்டிய கட்டாயம் டிரிஸ்டானோவுக்கு இருக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு ஆல்பத்தில், பேஸும் டிரம்ஸும் பதிவான நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அதன்மேல் பியானோ வாசித்து, பிறகு மொத்தத்தையும் வேகம் கூட்டினார். விமர்சகர்கள் சிலர் இதை ஏமாற்று வேலை என்றே கருதினார்கள். 1968-க்குப் பிறகு அமெரிக்க மேடைகளில் வாசிப்பதை அவர் விட்டுவிட்டார், கற்பிப்பதை விடவில்லை.

டிரிஸ்டானோவின் அந்த 1955 ஆல்பத்தின் முதல் பாடலான 'லைன் அப்'பைக் கேட்டுவிட்டு, உங்களுக்கும் அது ஏமாற்றாகத் தோன்றுகிறதா என்று கீழே எழுதுங்கள்.