பெட்டியைத் திறப்பதற்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. பயணத்துக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று கொஞ்ச நேரம் பேசலாம்.

கிளம்புவது என்று முடிவானதும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று உள்ளே போட ஆரம்பிக்கிறோம், கடைசியில் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துதான் ஜிப்பை இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது ‘இது தேவைப்படுமா’ என்று கேட்காதீர்கள், ‘இது இல்லாவிட்டால் அங்கே என்ன ஆகும்’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு எப்போதும் ‘படலாம்’ என்றுதான் பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு, பெரும்பாலான பொருள்களுக்கு, ஒன்றும் ஆகாது, அல்லது அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று வரும். பயணமே நின்றுவிடும், உடம்புக்கு ஆபத்து என்று பதில் வருகிற பொருள்கள் கொஞ்சம்தான். அவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.

ஆனால் அந்தக் கொஞ்சம் எது என்பது போகிற இடத்தைப் பொறுத்து மாறும். நகரத்துக்குப் போனால் மழைக்கோட்டு ஒரு வசதி, மறந்தால் எங்கேயாவது ஒதுங்கிக்கொள்ளலாம். மலையேறப் போனால் அதே மழைக்கோட்டு உயிர்காக்கிற பொருள்.

மலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் தவறான துணிக்கு அதிக விலை கொடுக்க வேண்டிவரும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும், அப்படியென்றால் அடிவாரத்தில் 30 டிகிரி இருக்கும்போது அங்கிருந்து 3000 மீட்டர் மேலே சுமார் 10 டிகிரிதான் இருக்கும், காற்று வீசினால் இன்னும் குளிரும். இதற்காகத் தடிமனான ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஏறும்போது உடம்பு சூடாகி வியர்க்கும், பருத்தி பனியன் அந்த வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மூச்சு வாங்க ஒரு வளைவில் நின்றதும் காற்று அடிக்கும், முதுகோடு ஒட்டிய ஈரத்துணி சில்லென்று உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் உள்ளே ஈரமானாலும் சூட்டைத் தக்கவைக்கிற மெல்லிய கம்பளி இழை அல்லது சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டர், அதற்குமேல் சூடு தருகிற ஒன்று, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கிற மெல்லிய மேலங்கி என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்ப்பதற்கு முன்பே ஒன்றைக் கழற்றுங்கள், நின்றவுடன் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், குளிர்தானே என்று கறுப்புக் கண்ணாடியை விட்டுவிடாதீர்கள், உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் அதிகமாகும், பனி இருந்தால் கீழிருந்தும் பிரதிபலிக்கும். புது ஷூவை அங்கே போய்ப் பழக்காதீர்கள், கொப்புளம் வந்த காலோடு இறங்குவது பெரும் வேதனை.

விமானப் பயணத்தில் என்ன எடுப்பது என்பதைவிட எந்தப் பையில் வைப்பது என்பதுதான் முக்கியம். 2006-இல் திரவ வெடிமருந்து வைத்து விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்ட பிறகுதான் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி பரவியது. பார்ப்பது பாட்டிலின் அளவைத்தான், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை இல்லை, 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சூண்டு ஷாம்பு இருந்தாலும் வாங்கி வைத்துவிடுவார்கள். புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் திரும்பி வரும் நிலையத்தில் அப்படி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கு அறைக்குள் போய் அணைக்க ஆளில்லை. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்பதை வாட் மணியில் அளப்பார்கள், 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு, பவர் பேங்கின் மேல் 20,000 எம்ஏஎச் (mAh) என்று போட்டிருப்பது சுமார் 74 வாட் மணிதான்.

தயவுசெய்து மருந்தை மட்டும் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் சட்டை இல்லாமல் சமாளிக்கலாம், ரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் முடியாது. இன்சுலின் சரக்கு அறைக் குளிரில் உறைந்துபோகலாம், உறைந்தால் அது பயன்படாது. மாத்திரையை அட்டையோடு வையுங்கள், மருத்துவரின் சீட்டில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் மூலப்பெயரும், அதாவது உள்ளே இருக்கிற மருந்துப்பொருளின் பெயரும், இருக்கட்டும், அப்போதுதான் வேறு நாட்டு மருந்துக்கடையிலும் புரியும். நான்கைந்து நாள் மருந்து கூடுதலாக இருப்பது நல்லது.

வேலையாகப் போகிறவர்கள், கூட்டத்துக்குப் போட வேண்டிய ஒரு செட் துணியைக் கையோடு வைத்துக்கொண்டால் போதும். நீண்ட பயணம் என்றால் ஒரு வாரத்துக்கு வேண்டிய துணிக்குமேல் எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி, ஒரு மாதமானாலும் அதே துணிதான், துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பேராகப் போனால் ஒருவர் பெட்டியில் மற்றவரின் ஒரு செட் துணி இருக்கட்டும், ஒரு பெட்டி வராமல் போனாலும் சமாளிக்கலாம்.

குழந்தையோடு போகிறீர்களா? அது கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மையோ போர்வையோ எதுவோ, அதை விட்டுவிடாதீர்கள். இடம் பிடிக்கிறதே என்று பார்க்காதீர்கள், அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கிளம்புவதற்கு முந்தைய இரவு கட்டாமல், இரண்டு நாள் முன்பே கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறி இறங்கிப் பாருங்கள். சக்கரம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், படிக்கட்டில் சக்கரம் உதவாது. மூச்சு வாங்கினால் பெட்டியைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று போட்டவற்றை வெளியே எடுங்கள். நன்றி, வணக்கம்.