அளவெல்லாம் சரி, அப்புச்சி ஜாடை எங்கே?

வணக்கம். சங்ககிரியிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி, வந்த நாளிலிருந்து என்னை விடவில்லை. முதலில் அதைப் படித்துவிடுகிறேன்.

"எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தலையைப் புகைப்படம் பார்த்துப் பாலிமர் களிமண்ணில் செய்தேன். கண், மூக்கு, மீசை எல்லாம் கவராயம் வைத்து அளந்தவை. நெற்றிச் சுருக்கங்களைக்கூட எண்ணி வைத்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, 'யாருடா இந்தப் பெரியவர்?' என்று கேட்டுவிட்டார். எங்கே தவறு? ஓவனில் சுட்டும் முடித்துவிட்டேன். தூக்கிப் போட்டுவிடவா?"

போடவே போடாதீர்கள். பாலிமர் களிமண் மண்ணே அல்ல, பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் தூளை இளக்கித் திரவத்தில் குழைத்தது. காற்றில் வைத்தால் காயாது. 130 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போதுதான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அப்படி இறுகியதன் மேல் புதிதாகக் களிமண் அப்பி மறுபடியும் சுடலாம். வேண்டாததைச் செதுக்கி எடுக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். சூடு மட்டும் மிஞ்சக் கூடாது. கருகினால் வருகிற புகை நச்சு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். ஓவனின் திருகைப் பார்த்து நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வையுங்கள்.

இனி ஜாடைக்கு வருகிறேன். தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். முதலில் மண்டை, பிறகு முகம். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

மார்கழியில் ஏற்காட்டு ஏரிக்கரைச் சாலையில் காலை நேரத்தில் நடந்து பாருங்கள். மூட்டம் இறங்கியிருக்கும். எதிரே வருகிறவருக்குக் கண் எங்கே, மூக்கு எங்கே என்று தெரியாது. ஆனாலும் "அட, நம் காப்பித்தோட்டத்து மேஸ்திரி" என்று கண்டுகொண்டு கை தூக்குகிறோம். எதை வைத்து? கழுத்து தோளில் இறங்கும் விதம், பின்மண்டை எவ்வளவு புடைத்திருக்கிறது, முகவாய் எவ்வளவு முன்னால் வருகிறது, தலையை எந்தப் பக்கம் சாய்த்து நடக்கிறார். ஜாடை முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடுகிறது. சுருக்கம் அதற்கு அப்புறம் வருகிற விருந்தாளி.

தாரமங்கலம் கைலாசநாதர் கோவிலுக்குப் போகிறவர்கள் யாளியின் வாய்க்குள் உருளும் கல்லைப் பார்த்து வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். நான் குதிரை வீரர் தூண்களின் எதிரில் நின்றுவிடுவேன். மண்டபத்தின் அரை இருட்டில் நகையும் கச்சையும் கண்ணில் படுவதற்கு முன்பே கன்ன எலும்பும் தாடையும் கண்ணில் படுகின்றன. அந்தச் சிற்பி எதை முதலில் வெட்டினார் என்பது அங்கே நின்றால் புரியும். மண்டை முதலில், தம்பி.

நீங்கள் அனுப்பிய சிலைப் படங்களையும் அப்புச்சியின் புகைப்படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலையில் பக்கவாட்டில் பின்மண்டை தட்டையாக இருக்கிறது. கண்கள் மேலே ஏறிவிட்டன. உச்சியிலிருந்து முகவாய் வரை அளந்தால் கண் ஏறக்குறைய நடுவில் வர வேண்டும். வழுக்கை நெற்றியை நாம் மனத்துக்குள் சுருக்கிவிடுவதால் கண்ணை மேலே வைத்துவிடுகிறோம். நீங்கள்தான் கவராயம் வைத்து அளந்தீர்களே என்றால், படத்தைத்தான் அளந்தீர்கள். அப்புச்சியைப் படம் எடுத்தவர் கைப்பேசியை முகத்துக்கு வெகு அருகில், சற்று மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். அப்படி எடுத்தால் மூக்கும் நெற்றியும் பருக்கும், காதுகள் பின்வாங்கும், தாடை சிறுக்கும். ஆறேழு அடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் எடுத்த பழைய படம் ஏதேனும், ஒரு கல்யாணப் படமாவது, வீட்டில் இருக்கும். தேடுங்கள். அதில் அவர் ஓரமாகத் திரும்பி நின்றிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து, சிலையின் பக்கவாட்டு நிழலைச் சுவரில் விழவையுங்கள். நிழலில் அவர் தெரியவில்லை என்றால் கண் இமையில் கை வைக்காதீர்கள்.

இதெல்லாம் நீங்கள் கேட்டதற்குப் பதில். நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற கேள்வி வேறு: எந்த வயது அப்புச்சியைச் செய்வது?

படத்தில் அவர் பல்செட் போட்டிருக்கிறார், உதட்டு வரியைப் பார்த்தாலே தெரிகிறது. வீட்டில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்? பற்கள் விழுந்தபின் அவற்றைத் தாங்கிய எலும்பு நாளடைவில் கரைந்து தேய்கிறது. முகத்தின் கீழ்ப்பகுதி குட்டையாகிறது. வாயை மூடினால் முகவாய் மூக்கை நோக்கி மேலேறும், உதடு உள்ளே மடியும், கன்னம் குழியும். அதே ஆள், இரண்டு மண்டைகள்! அரசு அலுவலகத்துக்காக எடுத்த படத்தில் இருப்பவர் ஒருவர். பேரனுக்கு முறுக்கை நொறுக்கித் தந்துவிட்டுத் தான் ஊறவைத்துத் தின்றவர் இன்னொருவர். அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அப்புச்சி எப்படிச் சிரிப்பார், கோபம் வந்தால் எந்தப் பக்கம் வாய் இழுக்கும், எந்தக் கண் சற்றுச் சிறியது என்று கேளுங்கள். எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. நீங்கள் இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டீர்கள்.

கண்ணைப் பற்றி ஒரே ஒரு விஷயம். விழியைச் சிறு மணியாகத் தனியே உருட்டிச் சுட்டு, பிறகு குழியில் பதியுங்கள். இமைக்குக் களிமண்ணை மெல்லிய நூலாகத் திரித்து அந்த மணியின் வளைவின் மேல் படியவிட்டு, வெளி ஓரத்தை மட்டும் முனை மழுங்கிய ஊசியால் நெற்றிப் பக்கம் இழுத்துக் கரையுங்கள். உள் ஓரம் நூலாகவே நிற்கட்டும். இமையின் தடிமன் அதுதான். வெளிக்கோடியில் மேல் இமை கீழ் இமையின் மீது கொஞ்சம் ஏறி விழ வேண்டும். முதியவருக்கு இன்னும் கொஞ்சம் தொங்கும். சேலத்து வெயிலில் நூல் திரிக்க முடியாமல் குழைந்தால், களிமண்ணை வெள்ளைத்தாள்களுக்கு நடுவே சிறிது நேரம் அழுத்தி வையுங்கள். அதிகப்படி இளக்கியைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

மீசைக்கு நீங்கள் பட்ட பாடு தெரிகிறது, ஒவ்வொரு மயிரும் கீறியிருக்கிறீர்கள். ஆனாலும் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். பல்லுக்கு மேல் நிமிர்ந்து நிற்கிற மீசை அது. பல் இல்லாத வாயின் மேல் அது உள்வாங்கி, நுனி கீழே சரியும். தலையை ஓவனில் மிதமாகச் சூடேற்றி எடுங்கள், இளஞ்சூட்டில் கத்தி எளிதாக இறங்கும். மீசையைச் சீவி எடுத்துவிட்டு, உதட்டைச் செதுக்கி உள்ளே இறக்கி, பின்மண்டைக்கு அலுமினியத் தாளைக் கசக்கி வைத்து அதன் மேல் களிமண் அப்பிப் புடைக்கவிடுங்கள். மீசையைக் கடைசியில் வைக்கலாம். அதற்கு முன்பே, மீசை இல்லாமலே, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.