ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பாவையோ அம்மாவையோ தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஓயாமல் போன் வரும். "டாக்டர் என்ன சொல்றார்?" கேட்பவர்களுக்கு அன்பு இருக்கிறது. ஆனால் பதில் சொல்லியே அந்த மகனோ மகளோ ஓய்ந்துபோகிறார்கள். நள்ளிரவில் டாக்டர் கூப்பிட்டு, "மூச்சுக்கு டியூப் போடணும், கையெழுத்துப் போடுங்க" என்னும்போது நிதானமாக யோசிக்கத் தெம்பு இருப்பதில்லை. அதனால் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: டாக்டரிடம் பேசுகிறவருக்கு வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள்.

டாக்டரிடம் ஒருவரே பேசட்டும். டியூட்டி மாறும்போது டாக்டரும் மாறுவார், சொல்லும் விதமும் மாறும். அண்ணன் காலையில் ஒன்று கேட்டு, தங்கை மாலையில் வேறொன்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே சண்டை வந்துவிடும். ஒரு நோட்டில் தேதி, நேரம், பேசிய டாக்டரின் பெயர், சொன்ன விஷயம் எழுதுங்கள். கேட்க வேண்டியவை சில: செயற்கை சுவாசத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம்? நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் இருக்கிறது. 80-இல் இருந்தவருக்கு 40 போதும் என்றால் நுரையீரல் தேறுகிறது என்று பொருள். பி.பி. தானாக நிற்கிறதா, மருந்தில் நிற்கிறதா? 24 மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு? கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு மகிழவும் வேண்டாம், இடிந்துபோகவும் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி நேரடியாகக் கேட்க விரும்பினால், டாக்டரின் அனுமதியோடு அந்த நேரத்தில் போனை ஸ்பீக்கரில் போடலாம். மற்ற உறவினர்களுக்கு வேறொருவர், தினமும் இரண்டு வேளை, வாட்ஸ்அப்பில் மூன்று வரி எழுதினால் போதும்.

வீட்டிலிருந்து முதலில் கொண்டுவர வேண்டியது, நோயாளி வழக்கமாகப் போடும் மாத்திரைகளின் அட்டை. "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்று சொல்வது யாருக்கும் உதவாது. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை இருப்பது தெரியாமல் ஊசி குத்தினாலோ அறுவை செய்தாலோ ரத்தக்கசிவு நிற்பது கடினம். அடுத்தது கண்ணாடி, காதுக்கருவி. ஐ.சி.யூ.வில் பகலும் இரவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வயதானவர்களுக்கு அங்கே குழப்பம் வந்து, இல்லாத ஆளோடு பேசுவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் நோய் தணியத் தணியக் குறையும். உள்ளே போகும்போது, "அப்பா, இன்னிக்கு வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி, நான் உங்க பெரிய பொண்ணு" என்று சொல்லுங்கள்.

அம்மா என்றால் தாலியைக் கழற்றச் சொல்லும்போது வீடே கலங்கும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் போகக்கூடாது. கைகால் வீங்கினால் வளையலும் மோதிரமும் இறுகிவிடும். வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். நகைகளை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நெற்றியில் விபூதி வைக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கோவில் தீர்த்தத்தை வாயில் விடவே கூடாது. விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு ஒரு உத்தரணி நீர்கூட மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவாகலாம்.

பணமும் காகிதமும் இன்னொருவர் பொறுப்பு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். தகவலுக்கு 104. தனியார் இன்சூரன்ஸ் என்றால் சேர்த்தவுடனே தகவல் சொல்ல வேண்டும். பாலிசியில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். அதைவிட விலை கூடிய அறைக்கு மாறினால் மற்ற செலவுகளிலும் விகிதப்படி பிடித்தம் செய்யக்கூடும். அன்றன்றைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பயன்படாத மருந்தை ஃபார்மசியில் திருப்பினால், அது பில்லில் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரத்தம் கேட்டால் ஊரெல்லாம் "அதே குரூப் வேணும்" என்று செய்தி அனுப்ப வேண்டியதில்லை. ரத்த வங்கி எடுத்துக் கொடுத்த யூனிட்டுக்கு ஈடாகக் கொடுப்பது எந்தப் பிரிவாகவும் இருக்கலாம். ரத்தம் கொடுப்பவருக்கு வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தபின் மறுமுறை கொடுக்க ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் (தட்டணு) 5 நாள்தான் தாங்கும். அதனால் டெங்குவுக்காகக் கேட்டால் பத்துப் பேரையும் ஒரே நாளில் கூட்டிப்போகாமல், கேட்கக் கேட்க அனுப்புங்கள்.

சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு அடுக்கு கேரியர் வேண்டாம்; கழுவ இடமிருக்காது. சென்னை வெயிலில் தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் கெட்டுவிடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, இலையில் கட்டியது, நல்லது. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வளாகத்திலேயே அம்மா உணவகம் இருக்கிறது. துணைக்கு இருப்பவர் சுகர் மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். ஒரு போர்வை, சார்ஜர், பாய் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் போய் உட்கார்ந்து, அவரை வீட்டுக்கு அனுப்பித் தூங்க வையுங்கள்.

வார்டுக்கு மாற்றியதும் "ஆபத்து நீங்கிடுச்சு" என்று உறவினர்கள் வருவது குறைகிறது. குடும்பத்துக்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான். ஐ.சி.யூ.வில் நர்ஸ்கள் செய்தவற்றில் பல வேலைகள் வீட்டார் கைக்கு வந்துவிடும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பு எலும்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்து, கொடுத்தபின் அரை மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். இதை ஒருவரே இரவு முழுக்கச் செய்ய முடியாது. ஐ.சி.யூ. நாட்களில் யார் எப்போது துணைக்கு இருப்பது என்று முறை போட்டு எழுதிய பட்டியலை வீடு திரும்பும்வரை கிழிக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.